டைட்டின் ஏன் குற்றவாளி இல்லை? புற்றுநோய் மரபணுக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கே: ஒரு கட்டியில் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் இருக்கின்றன. நோயை உண்டாக்கியது எது என்று எப்படித் தெரியும்?

ப: பல நோயாளிகளின் கட்டிகளில் எது அடிக்கடி வருகிறது என்று எண்ணினால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். அப்படி எண்ணியபோது, தசையில் வேலை செய்யும் டைட்டின் நுரையீரல் புற்றுநோய்ப் பட்டியலில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. மூக்கு வாசனை அறிய உதவும் மரபணுக்கள்கூட வந்தன! காரணம் எளிது. நம் உடலிலேயே மிக நீளமான புரதம் டைட்டின்; அதற்கான குறிப்பும் மரபணுவில் அவ்வளவு நீளம். நீள மதிலில் கல் அதிகம் படும். வாசனை மரபணுக்களோ செல் பிரிவதற்கு முன் கடைசியில் நகலெடுக்கப்படுபவை. அங்கே பிழை கூடுதலாகச் சேரும். 2013இல் வந்த ஒரு கணக்குமுறை இந்த இரண்டுக்கும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தது. சந்தேகப் பெயர்கள் பெரும்பாலும் உதிர்ந்தன.

அப்புறம், மாற்றம் விழுந்த இடமும் ஒரு துப்பு. கேராஸ் செல்லைப் பிரியத் தூண்டும் மரபணு, அதாவது ஆக்ஸிலரேட்டர். அதில் மாற்றம் பெரும்பாலும் 12ஆம் அமினோ அமிலத்திலேயே (புரதச் சங்கிலியின் 12ஆவது கண்ணியில்) குவியும். ஆக்ஸிலரேட்டர் அமுங்கியே நிற்க அந்த ஒரு இடம் போதும். ஆர்பி1 கட்டியைத் தடுக்கும் மரபணு, அதாவது பிரேக். பிரேக்கை எங்கே வெட்டினாலும் பிடிக்காது. அதனால் அதில் மாற்றங்கள் சிதறிக் கிடக்கும்.

கே: இப்படி மொத்தம் எத்தனை புற்றுநோய் மரபணுக்கள் தேறின?

ப: 33 வகைப் புற்றுநோய்களை அலசிய அமெரிக்கத் திட்டம் 2018இல் தந்த பட்டியலில் 299.

கே: அப்பாவின் பயாப்சியோடு ரத்தமும் கேட்டார்களே, ஏன்?

ப: ஒப்பிட்டு, பிறவி மாற்றங்களைக் கழித்துப் பார்ப்பதற்கு. ரத்தத்திலும் இருக்கும் மாற்றம் பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. கட்டியில் மட்டும் இருப்பது பின்னால் சேர்ந்தது. பிறவி மாற்றம் பிஆர்சிஏ (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது) போன்ற மரபணுவில் இருந்தால் பிள்ளைகளும் மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

கே: புற்றுநோய் மரபணுவில் மாற்றம் இருந்தாலே புற்றுநோய்தானா?

ப: இல்லை. நடுவயது தாண்டியவர்களின் ஆரோக்கியமான உணவுக்குழாயில் நாட்ச்1 என்ற புற்றுநோய் மரபணுவில் மாற்றம் கொண்ட செல்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், அங்கே வரும் புற்றுக்கட்டிகளில் அது அந்த அளவுக்குக் காணப்படுவதில்லை. என்னையே இது பல நாள் குழப்பியது.

கே: அக்கா புகைபிடித்ததே இல்லை. நுரையீரல் புற்றுநோய், ரிப்போர்ட்டில் 'இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்' என்று இருக்கிறது.

ப: இஜிஎஃப்ஆர் செல்லை வளரத் தூண்டும் ஒரு மரபணு; அதில் மாற்றம் இருக்கிறது என்பதே 'பாசிட்டிவ்'. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இது அதிகம். ஆனால் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் போதாது. எந்த மாற்றம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எக்ஸான் (மரபணுவின் ஒரு பகுதி) 19இல் நீக்கம் அல்லது எல்858ஆர் (858ஆம் அமினோ அமிலம் மாறியது) என்றால் ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் பொதுவாக நன்றாகக் கேட்கும். எக்ஸான் 20இல் செருகல் என்றால் பெரும்பாலும் கேட்காது. அதற்கு மருந்து வேறு.