கில்கென்னிக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: லண்டனில் வேலை விசாவில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். மனைவியுடன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, சனியன்று கில்கென்னி, வாட்டர்ஃபோர்டு, ஞாயிறன்று மேற்குக் கடற்கரையில் மோஹர் பாறைகள் என்று முடித்துவிட்டு அன்றிரவே திரும்ப எண்ணம். கில்கென்னிக்கு அரை நாள் போதுமா? (வாசகர், லண்டன்)

பதில்: அரை நாளா ஒரு நாளா என்பது கிடக்கட்டும். டப்ளின் விமான நிலையத்தைத் தாண்டி வெளியே விடுவார்களா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பொதுப் பயண ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் அது அந்த இரு நாட்டுக் குடிமக்களுக்கு. வேலை விசாவில் இருக்கும் இந்தியர் தனியாக ஐரிஷ் விசா வாங்கியாக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் உதவாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இந்தியாவிலிருந்து குறுகிய காலப் பார்வையாளர் விசாவில் பிரிட்டன் வருகிறவர்களுக்குத் தனி ஐரிஷ் விசா இல்லாமல் போக ஒரு சலுகை இருக்கிறது. உங்களைப் பார்க்க வந்த மாமனாருக்கு அது கிடைக்கலாம், உங்களுக்குக் கிடைக்காது. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய் பஸ் ஏறினால் எல்லையில் யாரும் கேட்பதில்லை என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். பஸ்ஸை நிறுத்திக் கேட்கும் நாளும் உண்டு.

விசா வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் திட்டத்தில் கார்தான் ஊர் பார்க்கப்போகிறது, நீங்கள் இல்லை. கில்கென்னியிலிருந்து மோஹர் பாறைகளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து டப்ளின் விமான நிலையத்துக்கு மூன்று மணிக்கு மேல். விமான நிலையத்தை விட்டதும் எம் 50 சாலையில் சுங்கச்சாவடி என்று ஒன்று கண்ணில் படாது. கேமரா கார் எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம். வாடகைக் காருக்கு அது கம்பெனி வழியாக, அவர்கள் கட்டணமும் சேர்ந்து வந்து விழும்.

காரை விடுங்கள், மோஹரையும் வாட்டர்ஃபோர்டையும் விடுங்கள். விமான நிலையத்தில் ரயில் கிடையாது. பஸ் பிடித்து ஹியூஸ்டன் நிலையம் போய், வாட்டர்ஃபோர்டு ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் கில்கென்னி. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கல்லூரிப் பிள்ளைகளால் பெட்டி நிரம்பிவிடும், இருக்கையோடு முன்பதிவு செய்துவிடுங்கள். கில்கென்னி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கிறது. உள்ளே வந்த ரயில் வந்த வழியே பின்னோக்கி வெளியேறித்தான் வாட்டர்ஃபோர்டு பக்கம் திரும்பும். தூங்கி எழுந்தவர்கள் வண்டி டப்ளினுக்கே திரும்புகிறது என்று பதறுவதுண்டு. பதறும் நேரத்தில் அவர்களுடைய ஊர் போயிருக்கும்.

நிலையத்திலிருந்து ஜான் தெருவில் இறங்கி நோர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆனால் அந்த ஜான் தெருவிலேயே அறை எடுத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் நண்பர்களும் பெண்ணின் தோழிகளும் கூட்டமாக வந்து குடித்துக் கொண்டாட அயர்லாந்தில் தேர்ந்தெடுக்கும் ஊர்களில் இது ஒன்று. சனி இரவு பப் வாசலுக்கு மேலே படுத்தால் தூக்கம் கிடையாது. கோட்டைக்குத் தெற்கே, பூங்காவை ஒட்டிய தெருக்கள் அமைதியானவை. ஜூன் மாத வங்கி விடுமுறையில் (பொது விடுமுறைதான்) நகைச்சுவை விழா, ஆகஸ்டில் கலைவிழா. அப்போது அறையைப் பல வாரம் முன்பே பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை முதல் வேலை செயின்ட் கேனிஸ் பேராலயத்தை ஒட்டிய வட்டக் கோபுரம். ஞாயிறு காலை அங்கே வழிபாடு; அதை மறந்து போகிறவர்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துத் திரும்புகிறார்கள். கோபுரம் சுமார் 30 மீட்டர் உயரம், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அயர்லாந்தில் இத்தகைய கோபுரங்கள் பல இருந்தாலும் உச்சி வரை ஏற விடுபவை மிகச் சில. உள்ளே படிக்கட்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த செங்குத்தான மர ஏணிகள். ஒருவர் இறங்கினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். முதுகுப்பையைக் கீழேயே விடுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் வேண்டாம், சிறு பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள், மழையும் காற்றும் வலுத்தால் மூடிவிடுவார்கள்.

அங்கிருந்து தெற்கே கோட்டை வரை ஒரே நேர் நடை. வழியில் ராத் வீடு, 1594க்கும் 1610க்கும் இடையே ஒரு வணிகர் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று வீடுகள், பின்னால் தோட்டம். ஸ்மித்விக்ஸ் பீர் இங்கே 1710இல் தொடங்கியது. ஆனால் காய்ச்சுவதை 2013 முடிவோடு டப்ளினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கண்காட்சி, தொழிற்சாலை என்று நினைத்து டிக்கெட் வாங்காதீர்கள். அலிஸ் கைட்டலர் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. 1324இல் சூனியக்காரி என்று பிஷப் குற்றம் சாட்டிய சீமாட்டி அவர். பணக்காரி தப்பி ஓடிவிட்டார், எரிக்கப்பட்டது வேலைக்காரி பெட்ரோனில்லா. விடுதிக்கு யார் பெயர் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கோட்டையைப் பூங்காப் பக்கமிருந்து பாருங்கள். நாலு பக்கச் சுவரில் ஒரு பக்கமே இல்லை, நாலு கோபுரத்தில் மூன்றுதான் நிற்கின்றன; 1650இல் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது பட்ட அடி. 1391 முதல் இதை வைத்திருந்த பட்லர் குடும்பம், 1935இல் உள்ளிருந்த சாமான்களை ஏலம் விட்டு, 1967இல் கோட்டையையே வெறும் 50 பவுண்டுக்கு ஊராரிடம் ஒப்படைத்தது. உள்ளே ஓவியங்கள் தொங்கும் நீண்ட கூடத்தில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள், கூரை மரம் முழுக்க வண்ண வேலை. பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும், ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். எந்த மாதம் என்பதைப் பொறுத்துக் கோட்டையை முன்னே பின்னே வையுங்கள்.

சாப்பாடு: பப் நள்ளிரவு வரை திறந்திருக்கும், அதன் சமையலறை ஒன்பது மணிக்கே மூடிவிடும். சைவம் என்றால் காய்கறி சூப்பில்கூடக் கோழிச் சாறு கலந்ததா என்று கேளுங்கள். காலைத் தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்தது. குடை வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும்.

ஞாயிறு காலை கடைகள் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் திறக்கும். அந்த நேரத்தை ஆற்றோர நடைக்கு வையுங்கள், இல்லையென்றால் டாக்சியில் டன்மோர் குகைக்குப் போய் வாருங்கள், வடக்கே 11 கிலோமீட்டர். இரவு ஒன்பது மணி விமானம் என்றால் பிற்பகல் நாலு மணிக்குப் பிந்திய ரயில் வேண்டாம். ஹியூஸ்டனிலிருந்து விமான நிலையத்துக்கு ஞாயிறு நெரிசலில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.