இரண்டு முறை வார்த்த வாள்

கேள்வி: கோயில் மணி கீழே விழுந்தால் வெடிக்கிறது. அதே வெண்கலத்தில் சீனர் வாள் செய்தது எப்படி?
– வாசகர், திருகோணமலை

பதில்: வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. மணிக்கு வெள்ளீயம் ஏறக்குறைய 20 சதவீதம், நாதம் வரும், ஆனால் நொறுங்கும். சீனக் கொல்லர் சில வாள்களை இரண்டு தரம் வார்த்தனர். நடுத்தண்டுக்குச் சுமார் 10 சதவீதமே வெள்ளீயம்; அடி தாங்கும். பிறகு அதை இன்னொரு களிமண் அச்சில் வைத்து, 18–20 சதவீதக் கலவையை இருபுறமும் ஊற்றினர். அதுதான் கூர் நிற்கும் விளிம்பு. வெள்ளீயம் கூடினால் உருகுநிலை குறையும். ஆகவே தண்டு உருகி ஓடாது. என்ன அருமையான கணக்கு!

வெறும் உலோக ஒட்டை மட்டும் நம்பவில்லை. தண்டின் ஓரத்தில் பள்ளம் விட்டு விளிம்பைக் கவ்வவைத்தார்கள். அச்சை நன்றாகச் சுடவேண்டும். ஈரம் மிஞ்சினால் ஆவி புகுந்து குமிழ் விழும். வாள் அங்கேதான் முறியும்.

1965இல் சீனாவின் ஹூபெய் மாகாணக் கல்லறையில் கிடைத்த, பண்டைய யுவே நாட்டு மன்னன் கோஜியானின் வாளிலும் நடுவைவிட விளிம்பில் வெள்ளீயம் அதிகம்.