நிலம், மனை, அனுமதி: வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற நில அளவையர், குன்னூர்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் அப்பா விட்டுப்போன 40 சென்ட் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பட்டா அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக உள்ளது. நடுவில் கயிறு பிடித்து, மேல்பக்கம் அண்ணனுக்கு, கீழ்பக்கம் எனக்கு என்று வாய்ப்பேச்சாக வைத்துக்கொண்டோம். அந்தக் கோடு பழைய கல் தடுப்புச் சுவரை இரண்டு இடத்தில் வெட்டிப் போகிறது. சுவரையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அப்படிச் செய்தால் எனக்கு ஒன்றரை சென்ட் குறையும். நான் வீடு கட்டப் போகிறேன். முதலில் பிளான் அப்ரூவல் வாங்குவதா, எல்லையை மாற்றுவதா? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: எல்லைதான் முதலில். பிளானில் வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கும் இடையே காட்டும் இடைவெளி எல்லாம் எல்லைக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். அனுமதி வாங்கிய பிறகு கோடு நகர்ந்தால் பிளானையே திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அண்ணன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இன்னும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகவில்லை. ஆன பிறகு எல்லையை மாற்றுவது என்றால் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம், சர்வே எண்ணைப் பிரிக்கும் உட்பிரிவு மறுபடி என்று எல்லாம் இரண்டாம் முறை. இப்போதே சுவரை ஒட்டிக் கோட்டைப் போட்டுப் பத்திரம் எழுதிவிடுங்கள். குடும்பத்தாருக்குள் பாகம் பிரித்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையிலிருந்து அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய்.

அண்ணன் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மலையில் நேர்கோடு அழகாக இருக்கும், ஆனால் மண்ணைத் தாங்காது. தடுப்புச் சுவர் பாதி அவர் பக்கமும் பாதி உங்கள் பக்கமும் கிடந்தால், அது வயிறு தள்ளும் நாளில் யார் சரி செய்வது என்று இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய பயம். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு பத்திரம் எழுதுங்கள்.

அதில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுவர் முழுவதும் மேல்நிலத்துக்குச் சேர்ந்தது, பராமரிப்பும் மேல்நிலத்துக்காரர் பொறுப்பு. சுவரின் அடியில் வேலை செய்ய உங்கள் நிலத்தில் ஒரு மீட்டர் அகலம் விட்டுக்கொடுக்கிறீர்கள், அதில் எதுவும் கட்ட மாட்டீர்கள். மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் எந்த ஓரமாக ஓடைக்கு இறங்கும் என்பதை வரைபடத்தோடு காட்ட வேண்டும். பலரும் நான்கு எல்லையை எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் யார் வீட்டுக்குள் போவது என்று சண்டை வருகிறது. தண்ணீர் பற்றி எழுதும் இந்த வாக்கியம்தான் என் கண்ணில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

ஒன்றரை சென்ட் குறைவது பற்றி. முதலில் அது நிஜமாகவே குறைகிறதா என்று பாருங்கள். சர்வே அளவு எப்போதும் கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு படுக்க வைத்து 20 மீட்டர் அளந்தால், புலப்படத்தில், அதாவது அரசின் நில அளவு வரைபடத்தில், அது 17.3 மீட்டர்தான். நாங்கள் சங்கிலி பிடித்த காலத்தில் அதைச் சமமாக இழுத்துப் பிடித்து, முனையில் தூக்குக் குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளப்போம். கயிறு பிடித்த கோட்டில் அப்படி யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் நில எல்லையை அளந்து காட்டும் எஃப் லைன் அளவைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ மனுக் கொடுத்து, வெளி எல்லைக் கற்களைச் சரிபாருங்கள். அதன் பிறகு சுவரின் கோட்டை அளந்தால் உண்மையான வித்தியாசம் தெரியும். அதற்கு ஈடாக அண்ணனிடம் பணமோ, பாதைக்கான இடமோ கேட்பது நியாயம். தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. பத்திரத்தில் இருப்பதை உள்ளபடி தேயிலைத் தோட்டம் என்றே எழுதுங்கள். அனுமதி பெறாத நிலத்தை வீட்டுமனை என்று எழுதினால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு குறுக்கே வரும், பத்திரம் பதிவாகாது.

பத்திரம் பதிவானதும் உட்பிரிவு மனு கொடுங்கள். தனிப் பட்டா, புதிய புலப்பட நகல் இரண்டும் கைக்கு வந்த பிறகு பிளான் வரையுங்கள். எல்லோரும் ஹாக்கா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் இருக்கும் கிராமம் என்றால், புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை என்று பல இடத்தின் கருத்து தேவைப்படும். கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்தத் துறையிலிருந்து ஆள் வந்தாலும் நீங்களே கூட நின்று, ஓடையையும் சுவரையும் காட்டுங்கள். தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் நிற்கிறதா? அதையும் அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

கேள்வி: பிளான் கொடுத்தாயிற்று, அனுமதி வர நாளாகிறது. அதற்குள் பொக்லைன் வைத்து மண்ணை மட்டும் சமன் செய்து வைக்கலாமா? – ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்துக்கே தனியாக ஆட்சியர் அனுமதி வேண்டும். நீங்கள் வெட்டும் இடத்துக்கு மேலே ஒரு குடும்பம் தூங்குகிறது. சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் அவர்கள் வீடுதான் முதலில் இறங்கும். இப்போதிருக்கும் சரிவைக் காட்டித்தான் அதிகாரிகள் அனுமதி தருவார்கள். அதை வெட்டிவிட்டால் உங்கள் விண்ணப்பமே பொய்யாகிவிடும். காத்திருங்கள்.

கேள்வி: கூடலூரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறோம். பட்டா இல்லை, ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்கிறார்கள். வீட்டை இடித்துக் கட்ட பிளான் கிடைக்குமா? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், அங்கே பல குடும்பங்களுக்கு இதே நிலைதான். ஜன்மிகள் என்ற பரம்பரை நில உடைமையாளர்களின் ஜன்ம நிலங்களை ஒழித்து, அரசே நேரடியாகப் பட்டா தரும் ரயத்துவாரியாக மாற்ற 1969-இல் சட்டம் வந்தது, 1974-இல் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு விட்டிருந்த தோட்ட நிலங்கள் அதன் 17-ஆம் பிரிவில் சிக்கி, இன்றுவரை பலவற்றுக்கு முடிவு இல்லை. பட்டா இல்லாமல் பிளான் அனுமதி கிடைக்காது. ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மின் இணைப்பு ரசீது, வரி ரசீது, குடும்ப அட்டை எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கி வையுங்கள். உங்கள் சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில எண்கள் 17-ஆம் பிரிவில் வராமலேயே வாய்வழியாக அப்படிச் சொல்லப்படுவதுண்டு.