மூன்று ஏக்கரை ஈடு வைக்க முதல்

போன கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனோடு வந்தார்கள். உயர்தரக் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. லண்டனில் இருக்கிற தாய்மாமன் கொழும்பில் ஒரு தனியார் மென்பொருள் பட்டப்படிப்பைப் பிடித்து வைத்திருக்கிறார். காசுக்கு வெல்லாவெளியில் உள்ள மூன்று ஏக்கர் முன்மாரிக் காணியை ஈடு வைக்க வேண்டும். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், என்ன சேர்?" என்றார் தாய்.

பயப்படாதீங்கோ தங்கச்சி என்று தொடங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. காணியை ஈடு வைக்கப் போவது அண்ணன் இல்லை.

தம்பியிடம் கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்டால் "ஓம் சேர்", "இல்ல சேர்". லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசினின் பேச்சு வந்ததும் அரை மணித்தியாலம் வாய் ஓயவில்லை. அதே டீசலில் ஒன்று நன்றாக இழுக்கிறது, மற்றது ஏன் திணறுகிறது என்று கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறான். "அப்ப கராஜிலயா நிக்கப் போறான்?" என்றார் தகப்பன்.

கராஜில் நிற்பதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் இவன் கேட்கிற கேள்வியையே தொழிலாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எஞ்சின் சோதிப்பவர்கள். புதிய கார் எஞ்சினின் முதல் மாதிரியை நேரே காரில் பூட்டிவிட மாட்டார்கள். தடித்த சுவர் அறைக்குள் இரும்பு மேடையில் ஏற்றி, டைனமோமீட்டரோடு இணைப்பார்கள். வயல் சேறு கலப்பையைப் பிடித்து இழுக்குமே, அந்தப் பாரத்தை அளவாகக் கொடுக்கிற கருவி அது. எஞ்சின் சுற்றும், டைனோ தடுக்கும். தடுக்கிற விசையிலிருந்து முறுக்குவிசை, அதாவது எஞ்சின் எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்பது, தெரியும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் 150 நியூட்டன் மீற்றர் என்றால் ஏறத்தாழ 63 கிலோவாட் வலு. தம்பி பௌதிகவியலில் செய்த கணக்குத்தான்.

முதலில் பற்றவைக்காமல், டைனோவே மோட்டராக எஞ்சினைச் சுற்ற வைத்து உராய்வை அளப்பார்கள். பிறகு மெல்ல ஓட்டிப் பழக்குவார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் உணரி, கிராங்க் தண்டு திரும்பும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தத்தைத் திரையில் வரையும். தீப்பொறியை ஒரு பாகை முந்தவிட்டால் இழுவை கூடலாம். அளவு மிஞ்சினால் உள்ளே தட்டும். எந்தச் சுற்றுக்கு, எந்தச் சுமைக்கு எவ்வளவு எரிபொருள் என்று புள்ளி புள்ளியாக அட்டவணை நிரப்புவது பொறுமைசாலியின் வேலை. காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதன் எல்லாம் எழுதி, விடையை 25 பாகை செல்சியஸுக்குத் திருத்த வேண்டும். நம்முடைய வெக்கையில் எடுத்த அளவை ஜேர்மன் குளிரில் எடுத்ததோடு அப்படியே ஒப்பிட முடியாது. கடைசியில் நூற்றுக்கணக்கான மணித்தியால ஓட்டம். சூடேறிய எஞ்சினுக்குள் திடீரெனக் குளிர்ந்த நீரை விட்டும் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, பிஸ்டன் வளையமும் பேரிங்கும் எவ்வளவு தேய்ந்தன என்று அளப்பார்கள். ஏதாவது உடைந்தால் ஆட்களுக்கு நிம்மதிதான், ரோட்டில் உடையவில்லையே!

இந்த வேலை மட்டக்களப்பில் கிடைக்காது, அதை மறைக்கவில்லை. சென்னைக்குப் பக்கத்து ஒரகடம், புனே, ஜப்பான், ஜேர்மனி என்று போக வேண்டும். மின்கார் வந்தாலும் மோட்டரை அளக்க டைனோ வேண்டும்.

வழி தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கலாம். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உண்டு. மொரட்டுவை ஜேர்மன் டெக் பயிற்சி நிறுவகத்துக்கும் விண்ணப்பியுங்கள், போட்டி கடுமை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் 4, 5, 6 என்று ஏறினால் 7ஆம் மட்டம் பட்டம்தான், இரத்மலானை தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யுனிவோடெக்). சிங்களமும் ஆங்கிலமும் இப்போதே பேசிப் பழகட்டும். இதில் எதற்கும் காணி உறுதி தேவையில்லை.

"அண்ணனுக்கு என்ன சொல்ற சேர்?"

முதல் வருட வட்டியை அனுப்பச் சொல்லுங்கள், தங்கச்சி. வந்தால் மிச்சம் பேசுவோம்.