பட்டாளத்துல இருக்கற கணவர் பணம் அனுப்பல, டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து கேக்கறாரு, என்ன பண்றது?

கேள்வி: என் கணவர் ஆர்மில ஹவில்தார். ரெண்டு பசங்க. ஜோத்பூர்ல குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், பிரச்சனை முத்திப்போய் பசங்களோட தஞ்சாவூர்ல அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். பல மாசமா பணம் வரல. இப்ப ஜோத்பூர் கோர்ட்ல இருந்து டைவர்ஸ் சம்மன் வந்திருக்கு. பரஸ்பர சம்மதம்னு கையெழுத்து போட்டா ஒரு தொகை தர்றேன், யூனிட்டுக்கு எழுதினா என் வேலையே போயிடும், உனக்கும் ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்றாரு.

பதில்: சகோதரி, முதல்ல ஒண்ணு, இப்போதைக்கு எதுலயும் கையெழுத்து போடாதீங்க. டைவர்ஸ் வேணுமா வேணாமாங்கறது உங்க முடிவு, அதுல நான் தலையிடல. ஆனா ஆர்மி கணக்குல நீங்க மனைவியா இருக்கற வரைக்கும்தான் சில கதவு உங்களுக்கு திறந்திருக்கும். கோர்ட் டைவர்ஸ் டிக்ரீ குடுத்துடுச்சுன்னா மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன் கார்டு, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனா வர்ற குடும்ப பென்ஷன், இதெல்லாம் உங்களுக்கு போயிடும், பசங்களோட உரிமை மட்டும்தான் நிக்கும். அதனால தொகை, பசங்க படிப்பு, யார்கிட்ட பசங்க இருக்கறதுன்னு எல்லாம் எழுத்துல வந்தப்புறம்தான் சம்மதத்த பத்தி பேசவே ஆரம்பிக்கணும்.

வேலை போயிடும்ங்கறது வெறும் பயமுறுத்தல். நிறைய பேர் இத நம்பி வருஷக்கணக்கா பட்டினி கிடக்கறாங்க, கேக்கவே வயிறு எரியுது. ஜீவனாம்சம் கேக்கறது குற்றப் புகார் கிடையாது. 1950 ஆர்மி சட்டம் 91-வது பிரிவே ஜவானோட சம்பளத்துல இருந்து பொண்டாட்டி பிள்ளைங்க பராமரிப்புக்கு பணம் பிடிக்கலாம்னு சொல்லுது, ஆபீசர்னா 90-வது பிரிவு. மனைவிக்கு 22 சதவீதம், ஒரு பிள்ளைக்கு 5.5 சதவீதம், மொத்தம் 33-ஐ தாண்டக் கூடாது, இது உச்ச வரம்பு. உங்களுக்கு ரெண்டு பசங்க, அப்ப சம்பளமும் அலவன்ஸும் சேர்ந்து 60,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா 19,800 வரைக்கும் வர வாய்ப்பு இருக்கு.

இதுக்கு கோர்ட்டு தேவையில்ல. அவரோட கமாண்டிங் ஆபீசருக்கு மனு எழுதுங்க, அவரோட ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட் பேரு, எந்த மாசத்துல இருந்து பணம் வரல, உங்களுக்கு வருமானம் இருக்கா இல்லையா, எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி எழுதி, கல்யாண சர்டிபிகேட், பசங்க பிறப்பு சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக் நகல் வச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, 56 ஏபிஓங்கற ஆர்மி தபால் அட்ரஸா இருந்தாலும் போய்ச் சேரும். உங்க கணவருக்கு விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் குடுத்து பதில் வாங்கி மேல கமாண்ட் தலைமையகம் வரைக்கும் ஃபைல் போகும், அதனால டைம் எடுக்கும், ரசீத பத்திரமா வச்சுக்கிட்டு நினைவூட்டல் கடிதம் போட்டுக்கிட்டே இருங்க. கல்யாணமும் ரெண்டு பசங்க பேரும் பார்ட் டூ ஆர்டர்ல, அதாவது குடும்ப விவரத்த ஏத்தற ஆர்மி பதிவுல, ஏறியிருக்கான்னு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, அதுல பேரு இல்லன்னா பின்னாடி எல்லாத்துக்கும் அலையணும்.

கோர்ட்டு வழியும் கூடவே போகலாம். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு இப்ப பிஎன்எஸ்எஸ்ங்கற புது சட்டத்துல 144-வது பிரிவு, நீங்க இருக்கற தஞ்சாவூர்லயே மனு போடலாம். 2020-ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி ரெண்டு பேரும் வருமானம், சொத்து எல்லாம் அஃபிடவிட்ல காட்டணும், ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியில இருந்தே கணக்கு, அதான் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன். கோர்ட் ஒரு தொகை போட்டுட்டா அதுக்கப்புறம் அந்த உத்தரவுதான் செல்லும். ஆனா ஆர்மி சம்பளத்த கோர்ட் நேரா ஜப்தி பண்றதுக்கு ஆர்மி சட்டம் 28-லயும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-லயும் தடை இருக்கு, அதனால உத்தரவு நகல யூனிட்டுக்கும் ரெக்கார்ட்ஸுக்கும் அனுப்பி சம்பளத்துல பிடிக்கச் சொல்லி கேக்கணும். இந்த ஸ்டெப்ப விட்டுட்டு பேப்பர மட்டும் கையில வச்சிருக்கறவங்க நிறைய பேர்.

பார்டர் டியூட்டின்னு சொல்லி அவர் வாய்தா கேக்கலாம், 1925-ம் வருஷத்து இந்திய சோல்ஜர்ஸ் லிட்டிகேஷன் சட்டம் அதுக்கு இடம் குடுக்குது, நாட்டுக்காக நிக்கறவருக்கு அது நியாயமும்தான். ஆனா அது அவகாசம் மட்டும்தான், பொறுப்புல இருந்து விடுதலை இல்ல.

ஜோத்பூர் கேஸப் பத்தி. கடைசியா சேர்ந்து இருந்த ஊருங்கறதால அங்க போட அவருக்கு உரிமை உண்டு. நீங்க சிவில் நடைமுறைச் சட்டம் 25-வது பிரிவுல சுப்ரீம் கோர்ட்ல டிரான்ஸ்ஃபர் மனு போட்டு தஞ்சாவூருக்கு மாத்தக் கேக்கலாம், சின்னப் பசங்களோட இருக்கற மனைவியோட கஷ்டத்த கோர்ட் பொதுவா கணக்குல எடுத்துக்கும். வக்கீல் ஃபீஸுக்கு பயப்படாதீங்க, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு, தஞ்சாவூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க. 2025-ல நால்சாங்கற தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆரம்பிச்ச வீர் பரிவார் சஹாயதா யோஜனாங்கற சட்ட உதவித் திட்டம், ராணுவக் குடும்பங்களுக்குன்னே உள்ளதுதான், அதனால முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் விசாரிங்க.

டிரான்ஸ்ஃபர் மனு போட்டாச்சுன்னு ஜோத்பூர் வாய்தாவ விட்டுடாதீங்க. ஸ்டே வர்ற வரைக்கும் அங்க கேஸ் நடக்கும், சட்ட உதவி மூலமா அந்த ஊர் வக்கீல் ஒருத்தர வச்சு ஆஜராகுங்க, இல்லன்னா எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்க தரப்பு கேக்காமலே தீர்ப்பு, ஆயிடும்.