ஊரோடு சேர்ந்திருக்க நம் விருப்பத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஊரோடும் உறவோடும் இருந்துகொண்டே நம் இஷ்டப்படி வாழ முடியுமா, பறவைகள் கூட்டத்தில் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதுதான் என் பதில். பறவைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த, கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்குப் பக்கத்தில்தான் என் வீடு. மத்திய ஆசியப் பக்கம் குஞ்சு பொரிக்கும், மைனா குடும்பத்துச் சோளப்பட்சிகள் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வரும். சாயங்காலம் அடையும் முன் கூட்டமாகச் சுழலும்போது ஒரே உடம்பு மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று மோதி நான் பார்த்ததில்லை.

இந்தப் பறத்தலைக் கணினியில் கொண்டுவந்தவர் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி வரைகலை நிபுணர். 1987-ல் வெளியான கட்டுரையில் ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள் வைத்தார்: பக்கத்துப் பறவைமேல் மோதாதே, அதன் வேகத்துக்கும் திசைக்கும் ஈடுகொடு, கூட்டத்தோடு சேர்ந்தே இரு. முன்னுரிமைப்படி எழுதிய வரிசை இது. முதலில் இடைவெளி, ஒட்டியிருப்பது அப்புறம்தான். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ்.

சோளப்பட்சிக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளை ரோம் நகரில் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 2021-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜோ பாரிசியும் அந்தக் குழுவில் இருந்தார். 2008-ல் வெளியான முடிவுப்படி, ஒரு பறவை கூட்டம் முழுவதையும் கவனிப்பதில்லை. அருகிலிருக்கும் ஆறேழு பறவைகளுக்கு மட்டும் ஈடுகொடுக்கிறது. கூட்டம் நெருங்கினாலும் விரிந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது. அதனால்தான் வல்லூறு பாய்ந்தாலும் கூட்டம் எளிதில் சிதறிப்போவதில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் அதைச் சொல்லி நிலைத்து நிற்பது லேசில்லை. அம்மன் கோவில் கொடை விழாவுக்குச் சொந்தபந்தம் கூடினால் முதல் கேள்வியே அதுதான். ஊர் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அம்மா, அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி, வேலையிடத்தில் இரண்டு பேர்... இவர்களுக்கு ஒன்று என்றால் ஓடிப்போய் நிற்பேன், என் மனதில் இருப்பதையும் இவர்களிடம்தான் சொல்வேன். துட்டி (சாவு) வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறேன், கொடைக்கு வரி கட்டுகிறேன். கல்யாணப் பேச்சுக்கு மட்டும் "வேண்டாம் அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அத்தை இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஆனால் ஊர்விலக்கு வைக்கும் இடத்திலோ, அடித்துத் துரத்தும் குடும்பத்திலோ இருப்பவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் முதலில் பத்திரமாக வெளியேறட்டும். தனக்கான ஆறேழு பேர் வேறு ஊரிலும் கிடைப்பார்கள்.

உங்கள் வீட்டில் எதை விடச் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விசேஷ வீட்டுக்குப் போவது, பெரியவர்களுக்குத் துணையிருப்பது போன்றவை என்றால் விட்டுக்கொடுங்கள், அதில் நஷ்டமில்லை. படிப்பு, வேலை, யாரோடு வாழ்வது என்றால் விடாதீர்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் இன்றைக்கே அதைப் பேசிவிடுங்கள்.