உகண்டாவிலிருந்து வந்தவரின் காய்ச்சல்

சகோதரி, உகண்டாவிலிருந்து திரும்பிப் பத்து நாளில் கணவருக்குக் காய்ச்சல், டெங்குப் பரிசோதனையில் எதுவும் இல்லை, வெள்ளவத்தை வைத்தியர் பனடோல் மட்டும் தந்தார் என்கிறீர்கள். நாளைவரை பொறுக்காதீர்கள், இன்றே மலேரியாவுக்கு இரத்தம் சோதியுங்கள். ஆபிரிக்காவில் பரவலான பல்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சோதனையில் தெரியாவிட்டால் மறுபடியும் செய்யவேண்டும். அரச வைத்தியசாலைக்குப் போய், பயண விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்திலும் இலவசமாகச் சோதிப்பார்கள்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானதால் இளம் வைத்தியர்கள் பலர் இந்நோயைக் கண்டதே இல்லை. முன்பும் இப்படித்தான்: 1963இல் நாடு முழுக்க மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். அசந்திருந்தோம், சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் படுத்தார்கள். மலேரியாவைப் பரப்பும் நம் ஊர் நுளம்பு எங்கேயும் போய்விடவில்லை.